வடலூர் அணையா அடுப்பை ஓவியமாக்கியபோது

ஒரு தர்ம காரியத்தின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று பேச்செடுத்தால் எல்லார் மனதிலும் உடனே இரண்டு படங்கள் வந்துவிடும். ஒன்று, அதைத் தொடங்கியவரின் பெரிய உருவப்படம், மாலையோடு. இன்னொன்று, கையேந்தி நிற்கும் பசித்த முகம். வடலூர் சத்திய தருமச்சாலையின் கதையை நாங்கள் ஓவியங்களாகவும் மண் வேலையாகவும் வைத்தபோது, இந்த இரண்டும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மற்ற எல்லா வேலையும் அந்த முடிவிலிருந்துதான் கிளைத்தது. உங்கள் ஊரில் ஒரு சத்திரத்தையோ குழந்தைகள் இல்லத்தையோ இலவச மருத்துவமனையையோ பற்றி இப்படி ஏதாவது செய்ய நினைத்தால் உதவட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

நான் கடலூர் மாவட்டத்தில் ஓவிய ஆசிரியை. கூட இருந்தவர்கள் என்னிடம் படித்த, படிக்கிற பிள்ளைகள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். பண்ருட்டியில் கொலு பொம்மை செய்யும் ஓர் அக்கா. வரலாறு சொல்லித் தருகிற சக ஆசிரியர் ஒருவர். இடம், நெல் மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிடங்கு. உரிமையாளர் வாடகை வாங்கவில்லை. தைப்பூசத்தை ஒட்டி வைத்ததால் வெளியூர் ஜனங்களும் வந்தார்கள்.

முதலில் வரலாறு. வள்ளலார் என்று நாம் சொல்லும் இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பிறகு இந்தப் பக்கம் வந்து கருங்குழியில் தங்கினார். 1867 மே 23, பிரபவ வருடம் வைகாசி 11 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது, 80 காணி. ஒரு காணி 1.32 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 106 ஏக்கர். அன்றைக்கு மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது, மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பார்த்தபோது இரண்டு விஷயங்கள் எங்களைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. சாலை தொடங்கி ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்து. அதாவது முதலில் அடுப்பு, அதற்கப்புறம்தான் வழிபாட்டு இடம். இரண்டாவது, வள்ளலார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. சாலை தொடங்கி அவர் கூட இருந்தது ஏழு வருஷத்துக்கும் குறைவு. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது 1876-ல் தொடங்கித்தான். அப்போது அவர் இல்லை. அந்தப் பஞ்சம் உட்பட இந்த 150 வருஷத்துக்கு மேலான காலம் முழுக்க விறகு வெட்டியவர்கள், அரிசி களைந்தவர்கள், அண்டா இறக்கியவர்கள், இலை எடுத்தவர்கள் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. இந்தச் சாலையின் வரலாற்றில் பெரும்பகுதி அவர்களுடையது. கண்காட்சி அவர்களைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும் என்று அந்தத் தாளைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றிவிட்டது.

எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்தத் தேதித் தாளை எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தொடங்கியவர் எத்தனை வருஷம் இருந்தார், அவருக்குப் பிறகு எத்தனை வருஷம் நடந்திருக்கிறது என்று பார்த்தால் யாரை வரைய வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

உருவப்படம் வேண்டாம் என்றதற்கு வடலூரில் இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வெள்ளை ஆடை, முக்காடு போட்ட படம் பின்னால் வரையப்பட்டது. அவரைப் புகைப்படம் எடுக்க எட்டு முறை முயன்றும் துணி மட்டுமே பதிந்தது, உருவம் விழவில்லை என்று சொல்லி வருகிறார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுபோய்க் காட்டியபோது, பொன்னான மேனியை மண்ணாக்கிவிட்டாயே என்று சொல்லிக் கீழே போட்டுவிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. எங்கள் பொம்மைக்கார அக்காவுக்கு இது சொந்த ஊர்க் கதை. "அவரே வேணாம்னு சொன்ன உருவத்தை நான் எதுக்கு டீச்சர் செய்யணும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் கடைசியில் செய்தது கரண்டி பிடித்த கைகள், மண்ணில், ஆள் கை அளவுக்கு.

பசித்த முகங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிக நேரம் பேசினோம். தாது வருஷப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பு தெரிய, வரிசையாக உட்கார வைத்து எடுக்கப்பட்ட மனிதர்கள். பஞ்சம் பற்றி எது எழுதினாலும் அந்தப் படங்கள் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றைப் பெரிதாக அச்சடித்து நுழைவாயிலில் வைத்தால் ஜனங்கள் அசந்துபோய் நிற்பார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பஞ்சம் எவ்வளவு கொடுமை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் நான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்த மனிதர்களை யாரும் கேட்டுவிட்டுப் படம் எடுக்கவில்லை. எடுத்தவரே, படம் பிடித்தாரே தவிர உதவி செய்தாரா என்று அந்தக் காலத்திலேயே விமர்சிக்கப்பட்டவர். பசித்து வருகிறவரிடம் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம், எப்படிப்பட்டவர் என்று பார்க்கக் கூடாது என்று வள்ளலார் எழுதியிருக்கிறார். கேள்வியே கேட்காமல் சோறு போடுகிற இடத்தைப் பற்றிய கண்காட்சியில், சாப்பிட வந்தவரின் முகத்தைச் சுவரில் மாட்டி எல்லாரையும் பார்க்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. பஞ்சத்தைச் சொல்ல ஒரு காலி மரக்காலும் ஒரு நிரம்பிய மரக்காலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அது போதுமானதாக இருந்தது.

சரி, முகங்கள் போய்விட்டால் என்ன மிஞ்சும்? அடுப்பு, பாத்திரம், விறகு, கை, முதுகு, நிலம். இவை ஆறும்தான் எங்கள் கண்காட்சி.

வரைவதற்காகச் சாலை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு வாங்கினோம். போட்டோ எடுப்பதில்லை, பந்தி நடக்கும்போது குறுக்கே நிற்பதில்லை, சாப்பிடுகிறவர் முகத்தை வரைவதில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். நாமாகவே வரம்பைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்குப் பயம் போய்விடுகிறது. அதற்கப்புறம் சமையல் கட்டில் இருந்தவர்களே கூப்பிட்டு, இதை வரையுங்கள், அதை வரையுங்கள் என்றார்கள். போனைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தால் பிள்ளைகள் பார்க்கிற விதமே மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பரிமாறுகிறவர்கள் அத்தனை பேர் முதுகும் ஒரே மாதிரி வளைந்திருப்பதைக் கவனித்து அதை மட்டுமே பக்கம் பக்கமாக வரைந்து தள்ளினாள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குச் சோறு போட வேண்டுமானால் போடுகிறவர் குனிந்துதான் ஆக வேண்டும். நான் எத்தனையோ தடவை அங்கே சாப்பிட்டிருக்கிறேன், அந்த வளைவை அவள் வரைந்த பிறகுதான் பார்த்தேன். அவளுடைய முதுகுகளை ஒரு முழுச் சுவருக்கு வைத்தோம். கண்காட்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுப்பு விஷயம் சுலபமாக இருக்கவில்லை. அணையா அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். படமாக வரைந்தால் அந்த நீளம் யாருக்கும் உறைக்காது. ஆறு கஜப் புடவையை விரித்துப் போட்டால் அதைவிட இன்னும் ஒரு கஜம் கூடுதல். அந்த அளவை உடம்பால் உணர வேண்டும் என்று, கிடங்கின் நடுவில் நிஜ அளவிலேயே மண்ணில் கட்ட முடிவு செய்தோம். தரையைத் தோண்ட முடியாது என்பதால் ஆழத்தை உயரமாக்கிக்கொண்டோம்.

மண் வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு விருத்தாசலத்து அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன். ஈர மண் காயும்போது சுருங்கும். நீளமான ஒரே துண்டாகப் பூசினால் நிச்சயம் வெடிக்கும், அளவும் குறைந்துவிடும். ஆகவே முதலிலேயே பச்சைச் செங்கல்லாக அறுத்து நிழலில் காய வைத்து, காய்ந்த பிறகு அளவு பார்த்து அடுக்க வேண்டும். இடுக்கை மெல்லிய மண் குழம்பால் மட்டும் பூசலாம். வெயிலில் காயப்போட்டால் மேல்பக்கம் சீக்கிரம் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, இரண்டு நாளில் கல் பிளந்துவிடும். மார்கழிப் பனியில் மண் காய நிறைய நாள் பிடிக்கும், அதற்கேற்ப முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

அடுப்புக்குள் சாம்பலும் பாதி எரிந்த கட்டைகளும். இந்தப் பக்கத்தில் கிடைக்கிற சவுக்கு, முந்திரி விறகு. சாம்பலைத் தருமச்சாலையிலிருந்து எடுக்கவில்லை. அதைத் திருநீறாக எடுத்துப் பூசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாம்பல் உள்ளே வந்தால் கிடங்கு சன்னதி ஆகிவிடும், பார்வையாளர் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிடத் தொடங்கிவிடுவார். கல்யாண மண்டபச் சமையல் கட்டிலிருந்து வாங்கினோம். நைசான சாம்பல் மின்விசிறிக் காற்றில் பறக்கும் என்பதால் மேலே கரித்துண்டுகளைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தோம். நிஜ நெருப்போ விளக்கோ கிடையாது. துணியும் காகிதமும் தொங்குகிற, ஒரே வாசல் உள்ள கிடங்கில் நெருப்பு வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது, நான் மிகவும் மெனக்கெட்ட இடம்: வண்ணங்களும் பிரஷ்களும். கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே ஞானசபைக்குள் வர வேண்டும் என்பது அங்கே விதி. அப்படிப்பட்ட மரபைப் பற்றிய படங்களை எதைக் கொண்டு வரைகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். ஓவியர்களின் பெட்டியைத் திறந்தால் அதில் உயிர்ப்பொருள் நிறைய இருக்கிறது. மெல்லிய பிரஷ் அணில் முடி. எண்ணெய் வண்ணத்துக்கான முரட்டு பிரஷ் பன்றி முடி. பழைய தச்சர்களும் ஓவியர்களும் பயன்படுத்திய வச்சிரப் பசை தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. விலை உயர்ந்த வாட்டர்கலர் தாள்களில் சிலவற்றுக்கு ஜெலட்டின் பூச்சு. சட்டத்துக்கு அடிக்கிற ஸ்பிரிட் பாலிஷ் அரக்குப் பூச்சி தருகிற அரக்கு. கார்மைன் சிவப்பும் பூச்சியிலிருந்து வருவதுதான். ஐவரி பிளாக் என்று விற்கிற கறுப்பு எலும்பைக் கரித்துச் செய்வது.

மாற்று எல்லாமே இருக்கிறது. நைலான் பிரஷ் இப்போது நன்றாகவே வருகிறது. ஃபெவிக்கால் மாதிரியான வெள்ளைப் பசை செயற்கையானது. மண்ணுக்கும் துணிக்கும் புளியங்கொட்டைப் பசையே போதும். சட்டத்துக்கு ஆளி விதை எண்ணெய் தேய்த்தோம். கறுப்பு வண்ணக் குழாயின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பிபிகே 9 என்றால் எலும்புக் கரி. 6, 7 என்றால் புகைக்கரி வகை. 11 என்றால் இரும்பு ஆக்சைடு. கடையில் வாங்கும்போது இதைப் பார்த்தால் போதும்.

ஆனால் பெரும்பாலான கறுப்பை நாங்களே செய்தோம். வீட்டில் கண்மை எடுக்கிற அதே முறைதான்: ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் படிகிற கரியைச் சுரண்டி, கருவேலம் பிசின் கரைத்த நீரில் அரைத்தால் அருமையான மை. புகைக்கரி தண்ணீரோடு ஒட்டாமல் மேலேயே மிதக்கும். சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்த பிறகு பிசின் நீரைச் சேர்த்தால் கலந்துவிடும். பிள்ளைகள் இதை ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள்.

நீலத்துக்கு அவுரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு ஜில்லா அவுரிக்குப் பேர்போனது. சாலை தொடங்கிய காலத்தில் இந்த வட்டாரத்து வயல்களில் அவுரி நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அந்த நீலத்தைக் கரைத்தது தனி சந்தோஷம். திண்டிவனம் பக்கம் இப்போதும் சாயக்கட்டி கிடைக்கிறது. சிவப்புக்கு நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணைக் கரைத்து, தெளிய வைத்து, மேல் நீரை இறுத்து, அடியில் படிந்த நைசான வண்டலை எடுத்தோம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. மஞ்சளுக்கு மட்டும் மஞ்சள் தூளைத் தொடாதீர்கள். வெயில் படுகிற இடத்தில் சில நாளிலேயே வெளிறிப்போகும். சுண்ணாம்பு பூசிய பரப்பில் பட்டால் ஆரத்திச் சிவப்பாக மாறிவிடும். மஞ்சள் காவிக்கல் நிலைத்து நிற்கும்.

இந்த விவரங்களை ஒரு பலகையில் எழுதி வண்ணக் கிண்ணங்களோடு வைத்தோம். கண்காட்சிக்கு வந்த, வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்க அன்பர்கள் அதிக நேரம் நின்று பேசிய இடம் அதுதான். அவர்கள் வாழ்கிற ஒழுக்கத்தைப் படத்தின் உள்ளே மட்டும் காட்டாமல் படம் செய்த விதத்திலும் மதித்திருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் எங்களிடம் பேசிய குரலே வேறு.

ஞானசபையில் ஜோதியை மறைத்துத் தொங்கும் ஏழு திரைகளை வைத்து ஒரு வேலை செய்ய இளைஞர்களுக்கு ஆசை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். ஏழு துணிகளைத் தொங்கவிட்டு, பார்வையாளர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போக, கடைசியில் ஒரு விளக்கு. பார்க்க அழகாக இருக்கும், சந்தேகமே இல்லை. செய்வதற்கு முன்னால் வயதான அன்பர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மாதப்பூசத்தில் ஆறு திரை நீக்கி, தைப்பூசத்தன்று மட்டும் ஏழும் நீக்குகிற தரிசனத்தை, நினைத்தபோது விலக்குகிற துணியாக வைக்க வேண்டாம் ஐயா என்று எங்கள் சக ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னார். விட்டுவிட்டோம். நிறங்கள் எங்கள் வண்ணக் கிண்ணங்களில் இருந்தன, அது போதும். ஒரு நிறுவனத்தின் கதையில் சேவைப் பகுதியும் வழிபாட்டுப் பகுதியும் சேர்ந்தே இருக்கும். சேவையை எடுத்து வரைய நமக்கு உரிமை தருகிறார்கள், வழிபாட்டை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

நிலத்துக்கு ஒரு வேலை வேண்டுமே. எண்பது காணிக்கு எண்பது சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வயலின் மண். பிள்ளைகள் அவரவர் வீட்டு வயலிலிருந்தும் உறவுக்காரர் கொல்லையிலிருந்தும் எடுத்து வந்தார்கள். செம்மண், கரிசல், மணல் கலந்தது, சாம்பல் நிறக் களி என்று ஒரே வட்டாரத்தில் இத்தனை நிறம் இருக்கிறதா என்று நானே ஆச்சரியப்பட்டேன். மண் கொடுத்தவரின் பெயரைப் பெட்டியில் எழுதலாமா என்று கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் மட்டும், பெயர் வேண்டாம், என்ன விளைந்தது என்று எழுதுங்கள் என்றார். அதையே எல்லாப் பெட்டிக்கும் செய்தோம்: நெல், கம்பு, மணிலா, முந்திரி, பலா, கரும்பு.

விவரச் சீட்டுகளில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம், அது மிகவும் பயன்பட்டது. ஆவணமாக உறுதிப்பட்ட செய்திகள் வெள்ளை அட்டையில். ஜனங்கள் காலங்காலமாகச் சொல்லி வருபவை பழுப்பு அட்டையில். தேதி, நிலம், சபை தொடக்கம் எல்லாம் வெள்ளை. புகைப்படத்தில் விழாத உருவம், கருங்குழியில் தண்ணீரில் எரிந்த விளக்கு எல்லாம் பழுப்பு. வாசலில் இரண்டு வரியில் இதற்கு விளக்கம். பக்தியோடு வருகிறவரும், எதையும் ஆதாரம் கேட்கிறவரும் ஒரே சுவரின் முன் நின்று சண்டையில்லாமல் படிக்க முடிந்தது. பழுப்பு அட்டையைத் தாழ்ந்ததாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுத்தளவும் இடமும் இரண்டுக்கும் ஒன்றாகவே வைத்தோம்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர்கள். நாலைந்து வரிக்கு மேல் யாரும் நின்று படிப்பதில்லை. படங்களை மாட்டும் உயரத்தையும் யோசியுங்கள். பொதுவாக ஓவியக் கூடங்களில் படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எங்கள் ஜனத்தில் பிள்ளைகளும் கூன் விழுந்த பாட்டிகளும் அதிகம் என்பதால் நாலடிக்கு இறக்கினோம். கண்ணாடிச் சட்டம் போடவில்லை. டியூப் லைட் அதில் பளிச்சென்று பிரதிபலித்துப் படமே தெரியாது. பனிக்காலத்தில் தாள் சுருளும் என்பதால் முக்கியமான படங்களைக் காடாத் துணியில் ஒட்டி மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்தோம்.

வாசலில் செருப்பு விட இடம் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, எல்லாரும் தாமாகவே கழற்றிவிட்டு வந்தார்கள். கிடங்குத் தரை சிமென்ட், காலையில் சில்லென்று இருக்கும். கோரைப்பாய் வாங்கி நடைபாதை முழுக்க விரித்தோம். அப்புறம் மண் அடுப்பின் மீது காசு போடத் தொடங்கினார்கள். சாம்பலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்று தவிர்த்தும் அடுப்பைப் பார்த்ததும் கை மடிக்குப் போகிறது. எங்களுக்குள் பணம் சம்பந்தமாக ஒரு கட்டுப்பாடு இருந்தது: கண்காட்சியில் நன்கொடை வாங்குவதில்லை, படங்களை விற்பதில்லை. தர்மத்தின் பெயரால் செய்கிற எதிலும் பணம் நம் கையில் தங்கினால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். ஆகவே, கொடுக்க விரும்புகிறவர்கள் தருமச்சாலையில் ரசீது பெற்றுக் கொடுக்கவும் என்று பலகை வைத்தோம். அடுப்பில் விழுந்த காசுகளை மாலையில் எல்லார் முன்னிலையிலும் எண்ணி, மறுநாள் சாலையில் கட்டி, அந்த ரசீதையே அடுப்பின் பக்கத்தில் ஒட்டினோம். நீங்கள் செய்தாலும் ரசீதை ஒட்டுங்கள். அதைப் படித்துவிட்டு நேராகச் சாலைக்குப் போய்க் கொடுத்தவர்கள் பலர்.

முகங்கள் வேண்டாம் என்ற விதியைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். பல வருஷமாகச் சாலையில் சாப்பிடுகிறவர், பக்கத்திலேயே தங்கியிருப்பவர். எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டு, "கை இருக்கு, முதுகு இருக்கு, கரண்டி இருக்கு. சாப்பிடறவன் எங்கம்மா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "நான் வெக்கப்படலையே" என்றார். அவர் விருப்பப்பட்டுக் கேட்டதால் அங்கேயே உட்கார வைத்து ஒரு மாணவன் வரைந்தான். படத்தை மாட்டட்டுமா என்று கேட்டோம். மாட்டச் சொன்னார், கண்காட்சி முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனார். விதி எங்களுக்குச் சரியாகவே இருந்தது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்: கேட்காமல் யார் முகத்தையும் எடுப்பதில்லை. தானாக முன்வருகிறவருக்கு ஒரு வெற்றுச் சுவரும் ஒரு நாற்காலியும் தயாராக இருக்கட்டும். அடுத்த தடவை தொடக்கத்திலிருந்தே அதை வைப்போம்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். பாராட்டு எழுதுவதற்கல்ல, தெரிந்ததைச் சேர்க்க, தவறு இருந்தால் திருத்த என்று மேலே எழுதியிருந்தோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுதினாள். துடுப்பைப் பிடிக்கிற கை எது மேலே எது கீழே இருக்க வேண்டும் என்று பந்தி சமையல் செய்கிற அம்மா ஒருவர் சொல்லி, ஒரு படத்தை அன்று இரவே திருத்தி வரைந்தோம். தன் பாட்டி தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்து, மாதப்பூசத்துக்கு வடலூருக்குக் கொண்டு வருவார் என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டி கட்டிக்கொண்டு காய்கறி ஏற்றி வந்ததை, வழியில் எங்கே இறங்கித் தண்ணீர் குடிப்பார்கள் என்பது வரை இன்னொருவர் சொன்னார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நாங்கள் பார்க்காதது. எங்கள் வெள்ளை அட்டைகளுக்கும் பழுப்பு அட்டைகளுக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாவது வகை இருக்கிறது: இன்னாருடைய பாட்டி செய்தது, இன்னார் கண்ணால் பார்த்தது. அதற்குப் பச்சை அட்டை போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

முடிந்த பிறகு பொருள்களை என்ன செய்வது என்பதை முன்பே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கிடந்து கறையான் அரிக்கும். பச்சைச் செங்கல் ஊறவைத்தால் திரும்ப மண்தான். பண்ருட்டி அக்கா எடுத்துக்கொண்டார். வயல் மண்ணைப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். முதுகு ஓவியங்கள் இப்போது பள்ளிகளில் சுற்றி வருகின்றன, மூங்கில் குச்சியோடு சுருட்டிப் பேருந்தில் எடுத்துப் போகிற மாதிரிதான் செய்திருக்கிறோம். நோட்டுப் புத்தகத்தைப் படியெடுத்து ஒரு பிரதி சக ஆசிரியரிடமும் ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. பிடியரிசிப் பானை வைத்திருந்த வீடுகள் இன்னும் எங்கெங்கே இருக்கின்றன என்று அதிலிருந்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பானைகளைத் தேடிப் போய் வரைவதுதான் அடுத்த வேலை.